விண்டோஸா, அப்பிளா, லினக்ஸா? லெப்டொப் வாங்கப் போகும் பெற்றாருக்குச் சில வார்த்தைகள்



சாதாரண தரப் பரீட்சை முடிந்தால் வழமையாக வரும் கேள்வி இது. "சேர், மகனுக்கு ஒரு லெப்டொப் எடுக்கணும். எது நல்லம்?" வட்சப்பில் கேட்கிறார்கள், பள்ளிவாசல் முற்றத்தில் கேட்கிறார்கள், மீன் சந்தையிலும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன். கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து, கடைக்காரர் கையில் பணம் கொடுப்பதற்கு முன்னராவது வாசியுங்கள்.

நம்ம ஊர் இளைஞர்களிடம் இதைக் கேட்டால் ஆர்ஜென்டினா – பிரேசில் விவாதம் மாதிரி ஆகிவிடும். அப்பிள்காரர் ஒருபக்கம், விண்டோஸ்காரர் மறுபக்கம். லினக்ஸ் என்று யாராவது சொன்னால் இரண்டு பக்கமும் சேர்ந்து சிரிக்கும். இந்தச் சண்டைக்கு வயது நாற்பதுக்கு மேல். ஐபிஎம் பீசீ வந்தது 1981இல். அப்பிளின் மெக்கின்டொஷ் 1984இல். மைக்ரோசொப்டின் முதல் விண்டோஸ் 1985இல். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டது 1991இல். கம்பனிகளுக்கு இந்தச் சண்டை வியாபாரம். நமக்கு அப்படியல்ல. உம்மாவின் காப்பை அடகு வைத்தோ, கட்டாரிலும் சவூதியிலும் வெயிலில் நின்று வாப்பா அனுப்பிய காசிலோ வாங்கும் பொருள் இது. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டபோது சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்டது. அதற்குப் பிறகு லெப்டொப் விலை பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். ஆகவே யார் எந்தக் கட்சி என்று பார்த்து வாங்க முடியாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணங்கள் பிறகு.

ஒன்று: புதிதாக வாங்கும் பெரும்பாலான குடும்பங்களுக்கு, லைசன்ஸோடு வரும் விண்டோஸ் லெப்டொப் போதும்.

இரண்டு: வீட்டில் ஏற்கனவே பழைய லெப்டொப் இருந்தால், புதியது வாங்குவதற்கு முன் அதில் லினக்ஸ் போட்டுப் பாருங்கள்.

மூன்று: அப்பிள் நல்ல பொருள். ஆனால் அதைக் கொண்டு தொழில் செய்கிறவருக்குத்தான் அந்த விலை தகும்.

நான்கு: 'கிரெக்' செய்த திருட்டு விண்டோஸ் யாருக்கும் வேண்டாம்.

நான் இதை எழுத உட்கார்ந்ததே நாலாவதற்காகத்தான்.

முதலில் விண்டோஸ். அதன் பெரிய பலம், நம்மைச் சுற்றி எல்லோரும் அதையே பாவிப்பது. பழுதானால் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் திருத்த ஆள் உண்டு. கீபோர்ட், சார்ஜர், பெட்டரி எல்லாம் மட்டக்களப்பு டவுணில் கிடைக்கும். கடைகளின் பில் போடும் மென்பொருள், கணக்கு வைக்கும் மென்பொருள் எல்லாம் பெரும்பாலும் விண்டோஸுக்காகவே செய்யப்பட்டவை. வளைகுடா வேலையை நினைத்து கியூஎஸ், டிராப்ட்ஸ்மன் படிக்கும் பிள்ளைகளுக்கு இது முக்கியம்: ஓட்டோகேட் லினக்ஸில் கிடையாது, ரெவிட் விண்டோஸில் மட்டுமே ஓடும். அந்தப் பிள்ளைகள் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

அதன் சிக்கல் என்ன? 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. கணினி ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்பு அப்டேட் வழமைபோல வராது. விருப்பமானவர்கள் பதிவு செய்து 2026 ஒக்டோபர் 13 வரை நீடித்துக்கொள்ளலாம். மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து உங்கள் அமைப்புகளை அதில் பேக்கப் செய்தால் அதற்குப் பணம் தேவையில்லை. அது தற்காலிக ஒத்திவைப்பு, அவ்வளவுதான்.

விண்டோஸ் 11க்கு மாறலாமே என்பீர்கள். அதற்கு டீபீஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசர் வேண்டும். இதைக் கண்டுபிடிப்பது இலகு. ஐ5-7200 என்று இருந்தால் ஏழாம் தலைமுறை. ஐ5-8250 என்றால் எட்டாம் தலைமுறை. ஐ5-10210 என்றால் பத்தாம் தலைமுறை. "ஐ5 தானே, ஐ7 தானே" என்று மட்டும் கடைக்காரர் சொன்னால் ஏமாறாதீர்கள். பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். ஏழாம் தலைமுறை ஐ7ஐ விட எட்டாம் தலைமுறை ஐ3க்கு விண்டோஸைப் பொறுத்தவரை ஆயுள் அதிகம்.

வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட லெப்டொப்கள் 'ரீகண்டிஷன்' என்ற பெயரில் நம் நாட்டுக்கு வருகின்றன. விண்டோஸ் 11 ஏறாத ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளும் அவற்றில் இருக்கும். விலை குறைவாக இருக்கும். லினக்ஸ் போடுவதற்கென்றால் தாராளமாக வாங்கலாம். விண்டோஸுக்கென்றால் அந்தக் காசு வீண்.

அடுத்தது அப்பிள். நேர்மையாகச் சொன்னால், 2020 நவம்பரில் எம்1 சிப்போடு வந்த மெக்புக் எயார் மிகச் சிறந்த லெப்டொப்களில் ஒன்று. சத்தமில்லை, சூடு குறைவு, பெட்டரி நாள் முழுக்க நிற்கும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த நமக்கு நல்ல பெட்டரியின் அருமை தெரியும். தமிழ் விடயத்திலும் அப்பிளைப் பாராட்ட வேண்டும். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய தமிழ் எழுத்துருவும் முரசு அஞ்சல் உள்ளீட்டு முறையும் 2004 அளவிலேயே மெக்கில் சேர்ந்துவிட்டன.

ஆனால் விலை? ஆசிரியர் ஒருவரின் பல மாதச் சம்பளம். அதன் பிறகு திருத்த வேலை? அப்பிளுக்கு இலங்கையில் சொந்தக் கடை கிடையாது. ஏதாவது பெரிய பழுது என்றால் உதயதேவியில் ஏறிக் கொழும்புக்குப் போக வேண்டியதுதான். ரெம்மும் சேமிப்பகமும் போர்டோடு ஒட்டியவை. பிறகு கூட்ட முடியாது. ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவில் இருக்கும் நமக்கு உப்புக் காற்றில் கம்பி, கதவுப் பிணைச்சல் எல்லாம் துருப்பிடிப்பது புதிதல்ல. ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றக்கூடிய சாமான்தான் இந்த மண்ணுக்குத் தோது.

வெளிநாட்டிலிருந்து நாநாமார், மச்சான்மார் கொண்டுவரும் பழைய மெக்புக் பற்றியும் ஒரு வார்த்தை. அது இன்டெல் சிப் உள்ளதா, எம் வரிசை சிப் உள்ளதா என்று முதலில் பாருங்கள். 2025 செப்டெம்பரில் வந்த மெக்ஓஎஸ் டஹோதான் இன்டெல் மெக்குகளுக்கான கடைசிப் பதிப்பு என்று அப்பிளே சொல்லிவிட்டது. அதுவும் இன்டெல் மெக்குகளில் மிகச் சிலவற்றுக்கே கிடைத்தது. இன்டெல் மெக்புக் எயார் ஒன்றுக்கும் கிடைக்கவில்லை. பளபளப்பைப் பார்த்து அதற்குப் பெரிய தொகை கொடுக்காதீர்கள்.

வீடியோ எடிட்டிங், கல்யாண அல்பம், விளம்பர வடிவமைப்பு என்று அன்றாடம் உழைப்பவர் எம் வரிசை மெக் வாங்கினால் அது முதலீடு. அதே வேலையை நல்ல விண்டோஸ் கணினியிலும் செய்யலாம். உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு பீடீஎப் வாசிக்கவும் சூமில் வகுப்புப் பார்க்கவும் அது தேவையில்லை.

குரோம்புக் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். குரோம்புக்கில் ஏறக்குறைய எல்லா வேலையும் கூகுள் வழியாகத்தான். இணையம் தடையில்லாமல் கிடைக்கும் வீட்டுக்கு நல்லது. மாதக் கடைசியில் டேட்டா முடிந்து ரீலோட் போட யோசிக்கும் வீட்டுக்குச் சரிவராது.

இப்போது லினக்ஸ். பெயரைக் கேட்டதும் பயப்படாதீர்கள். உங்கள் கையிலிருக்கும் அன்ட்ரொய்ட் போனின் அடியில் ஓடுவதும் லினக்ஸ்தான். இது இலவசம், சட்டப்படி இலவசம். பிரதி எடுத்து நண்பருக்கும் கொடுக்கலாம். லினக்ஸ் மின்ட் என்ற வகை பார்வைக்கும் பாவனைக்கும் விண்டோஸைப் போலவே இருக்கும். கீழே மெனு, மேசையில் ஃபோல்டர்கள். 4 ஜீபி ரெம் இருந்தால் நன்றாக ஓடும். அதன் 22ஆம் வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி ஒரு எஸ்எஸ்டி போட்டால் பத்து வயது லெப்டொப்பும் எழும்பி நடக்கும்.

நம் அன்றாட வேலைகளை எண்ணிப் பாருங்கள். பல்கலைக்கழக விண்ணப்பம், பரீட்சைப் பெறுபேறு, ஆசிரியர்களான நாங்கள் பதியும் நெமிஸ் தரவு, வங்கி வேலை, வட்சப் வெப், யூடியூப் பாடம் எல்லாம் பிரவுசரில்தான் நடக்கின்றன. பிரவுசருக்குள் போன பிறகு கீழே ஓடுவது எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். சூம் லினக்ஸுக்கும் உண்டு. எழுத்து வேலைக்கும் கணக்குத் தாளுக்கும் லிப்ரே ஒபிஸ் இருக்கிறது. வேர்ட் கோப்புகளைத் திறக்கும். சில வேளை அட்டவணையும் பக்க அமைப்பும் கொஞ்சம் நகரும், அதை மறைக்கவில்லை. போட்டோஷொப் ஓடாது. சில லேசர் பிரின்டர்கள் அடம்பிடிக்கும். ஆகவே முதலில் பென் டிரைவில் போட்டு, கணினியில் எதையும் அழிக்காமல், ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். வைஃபை, பிரின்டர், சத்தம் எல்லாம் சரியென்றால் மட்டும் நிரந்தரமாக மாற்றுங்கள்.

தமிழ் எப்படி என்று கேட்பீர்கள். இங்குதான் நம் உண்மையான தடை இருக்கிறது, அந்தத் தடைக்குப் பெயர் பாமினி. கொமினிகேஷன் கடைகளும் நாம் அச்சடிக்கும் வினாத்தாள்களும் பள்ளிவாசல் அறிவித்தல்களும் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் ஓடுகின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ போனிலோ திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். கூகுளில் தேடினாலும் கிடைக்காது. யூனிகோடில் தமிழுக்கு 1991 முதலே இடம் இருக்கிறது. யூனிகோடில் அடித்தது விண்டோஸிலும் மெக்கிலும் லினக்ஸிலும் போனிலும் ஒரே மாதிரித் தெரியும். தமிழுக்கு நடுவே ஒரு அரபு வசனம் வந்தாலும் குழம்பாது. இலங்கையின் தர நிர்ணயத்தில் உள்ள ரெங்கநாதன் விசைப்பலகையும் தமிழ்99உம் லினக்ஸிலேயே கிடைக்கின்றன. ஆசிரியர் சகோதரர்களுக்கு என் வேண்டுகோள்: அடுத்த தவணை வினாத்தாளையாவது யூனிகோடில் அடியுங்கள். கம்பனியை மாற்றுவதை விட அது பெரிய மாற்றம். அதைச் செய்துவிட்டால் நாளை எந்தக் கணினிக்கும் போகலாம். எந்தக் கம்பனியும் நம்மைப் பிடித்து வைக்க முடியாது.

லினக்ஸை "வெளிநாட்டான் விளையாட்டு" என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நம் கரையோரம் அழிந்தபோது, காணாமல்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் ஆகியவற்றைப் பதிவு செய்ய இலங்கையின் மென்பொருள் தொண்டர்கள் சில வாரங்களில் உருவாக்கியதுதான் 'சஹானா'. அதைத் திறந்த மூல மென்பொருளாகவே விட்டார்கள். பிறகு வேறு நாடுகளும் தங்கள் பேரிடர்களில் எடுத்துப் பாவித்தன. நமது துயரத்திலிருந்து பிறந்து உலகத்துக்குப் பயன்பட்ட பொருள் அது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பாடசாலை அளவில் பார்க்க விரும்பினால் கேரளாவைப் பாருங்கள். அங்கே அரசாங்கமே பாடசாலைகளுக்கென்று லினக்ஸைத் தயாரித்துக் கொடுக்கிறது. 2019இல் புதிய பதிப்பு வந்தபோது இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பாடசாலைக் கணினிகளில் அதைப் போடப்போவதாகவும், லைசன்ஸ் பணத்தில் 3,000 கோடி இந்திய ரூபா மிச்சம் என்றும் அதற்குப் பொறுப்பான கைட் நிறுவனம் சொன்னது. அந்தப் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கிப் போய்விட்டார்களா?

இனி நாலாவது விடயத்துக்கு வருகிறேன். சிலருக்குக் கசக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பகுதியில் "விண்டோஸ் அடித்துத் தாங்கோ" என்று சொன்னால் என்ன நடக்கிறது? பெரும்பாலும் ஒரு பென் டிரைவிலிருந்து கிரெக் விண்டோஸ், கிரெக் ஒபிஸ், கிரெக் போட்டோஷொப். கடைக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். லைசன்ஸ் விலையைச் சொன்னால் நாம் அடுத்த கடைக்குப் போய்விடுகிறோம். அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

இதில் முதல் கேடு உலகத்துக்குரியது. கிரெக்கை ஓட்டுவதற்கு வைரஸ் காவலை நிறுத்தச் சொல்வார்கள். வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குகிற மாதிரி. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரென்சம்வெயார் வகைகள் அதிகம் பரவிய வழிகளில் ஒன்று இந்தக் கிரெக் கோப்புகள்தான். 2017 மே மாதம் உலகை உலுக்கிய வன்னாக்ரைக்கான மருந்தை மைக்ரோசொப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அப்டேட் செய்யாதவர்கள்தான் அகப்பட்டார்கள். கிரெக் பாவிப்பவர் பலர் அப்டேட்டையே நிறுத்தி வைத்திருப்பார்கள், கிரெக் போய்விடும் என்ற பயத்தில்.

"எங்கட வீட்டு லெப்டொப்பில் என்ன இருக்கு, யார் வரப் போறான்" என்று சொல்லாதீர்கள். 2023 ஓகஸ்ட்டில் நமது அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையே தாக்கப்பட்டது. சுமார் 5,000 முகவரிகள், அமைச்சரவை அலுவலகம் உட்பட. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்களுக்குப் பேக்கப் இல்லாமல் போனது. காலாவதியான பழைய மென்பொருளை மாற்றாமல் வைத்திருந்தது அதற்கொரு காரணம். அரசாங்கத்துக்கே இந்தக் கதி என்றால், உங்கள் மகளின் பல்கலைக்கழக ஆய்வுக் கட்டுரையை யார் காப்பாற்றுவது?

இரண்டாவது கேடு ஈமானோடு சம்பந்தப்பட்டது. நாம் ஒரு டொபியின் பின்புறத்தைக் கூடத் திருப்பிப் பார்த்து ஹலால் இலச்சினை தேடுகிற சமூகம். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, தனது 43ஆம் தீர்மானத்தில், எழுத்துரிமையும் கண்டுபிடிப்புரிமையும் ஷரீஆ பாதுகாக்கும் உரிமைகள், அவற்றை மீறுவது கூடாது என்று தெளிவாகச் சொன்னது. நாட்டின் சட்டமும் அதையே சொல்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் பாதுகாக்கிறது.

"பில் கேட்ஸ் பெரிய பணக்காரன், அவனுக்கு என்ன நட்டம்" என்று ஒரு வாதம் வைக்கிறார்கள். பணக்காரன் தோட்டத்து மாங்காயையும் கேட்காமல் பறிக்கக் கூடாது என்றுதானே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்? "வேறு வழியில்லை" என்ற வாதமாவது லினக்ஸ் இல்லாத காலத்தில் பொருந்தியிருக்கும். இலவசமான, ஆகுமான வழி கண்முன்னே இருக்கும்போது அதுவும் நிற்காது. நான் முப்தி அல்ல, பத்வா சொல்லவில்லை. ஆலிம்கள் இதை மிம்பரில் பேசினால் நல்லது என்று மட்டும் சொல்கிறேன்.

அதோடு இன்னொன்று. வகுப்பறையில் நாம் பிள்ளைக்குக் களவு விண்டோஸைக் காட்டி, "இப்படித்தான் அக்டிவேட் செய்ய வேண்டும்" என்று சொல்லிக் கொடுத்தால், அவன் ஐசீடீ மட்டும் படிக்கவில்லை. பிறருடைய உழைப்புக்கு மதிப்பில்லை என்பதையும் சேர்த்துப் படிக்கிறான். நாளை அவனே ஒரு அப் எழுதி விற்க முயலும்போது இதே ஊர்தான் அதைக் கிரெக் செய்யும்.

ஆகவே செய்யக்கூடியவை:

வாங்கும்போது லைசன்ஸோடு வரும் கணினியா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதன் விலையைச் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். 8 ஜீபி ரெம், எஸ்எஸ்டி, எட்டாம் தலைமுறைக்கு மேல்: இந்த மூன்றும் இருந்தால் பெயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

விண்டோஸ் அப்டேட் டேட்டாவைக் குடிக்கிறது என்றால் அப்டேட்டை நிறுத்தாதீர்கள். உங்கள் இணைப்பை 'மீட்டர்ட்' என்று மாற்றி வையுங்கள். பெரிய தரவிறக்கங்களை அது தள்ளிப்போடும். பள்ளிக்கூடத்திலோ நண்பர் வீட்டிலோ வைஃபை கிடைக்கும்போது செய்துகொள்ளலாம்.

பாடசாலைகளுக்குக் கணினி அன்பளிப்புச் செய்யும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் வெளிநாட்டுச் சகோதரர்களுக்கும்: அல்லாஹ் உங்கள் தர்மத்தை ஏற்றுக்கொள்ளட்டும். கொடுப்பதற்கு முன் பாடசாலையிடம் கேளுங்கள். பத்துக் கணினியும் பத்துத் திருட்டு விண்டோஸும் கொடுப்பதை விட, எட்டுக் கணினியும் அவற்றுக்கான எஸ்எஸ்டியும் சுத்தமான லினக்ஸும் அதிக காலம் உழைக்கும். மூலையில் மூடிக் கிடக்கும் பழைய கணினிகளை எழுப்புவதற்கும் அந்தக் காசு போதும்.

திருத்தும் கடைச் சகோதரர்களுக்கு: லினக்ஸ் போட்டுக் கொடுப்பதற்கும் கூலி வாங்குங்கள். மென்பொருள்தான் இலவசம், உங்கள் நேரம் இலவசமல்ல. அது ஹலாலான கூலி. நாம் கொடுக்கத் தயங்கக் கூடாது.

பிள்ளைகளுக்கு: எந்தக் கணினி என்பதை விட, அதில் என்ன செய்தாய் என்பதைத்தான் பல்கலைக்கழகமும் வேலைத்தளமும் கேட்கும். பழைய லெப்டொப்பில் ஒரு புரோகிராம் எழுதியவன், புதிய மெக்கில் கேம் விளையாடியவனுக்கு முன்னால்தான் நிற்பான்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். அப்பிள் சகோதரர்கள் கோபிக்க வேண்டாம். பழைய லெப்டொப்பின் புரொசசர் எண்ணைக் கமென்டில் போட்டால் விண்டோஸ் 11 ஏறுமா, லினக்ஸ் நல்லதா என்று இரவில் நேரம் கிடைக்கும்போது பதில் சொல்கிறேன், இன்ஷா அல்லாஹ். லெப்டொப் வாங்க யோசிக்கும் ஒருவருக்காவது இதைப் பகிருங்கள்.

வஸ்ஸலாம்.